நர்ஸ் லாவினியாவின் ஏழாவது புத்தகம்

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். நான் பழைய புத்தகம் விற்றுப் பிழைப்பவன். எது கதை, எது நடந்தது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தவன். இது நடந்தது. 1982, ஜனவரி 12, செவ்வாய்க்கிழமை. மதியம் இரண்டரைக்குத் தொடங்கி சாயங்காலம் ஐந்தேகாலுக்கு முடிந்தது. இங்கிலாந்தின் வடக்குப் பகுதியில், என் கடைக்கு மேல் இருக்கிற வீட்டில். என் மனைவி நோராவுக்கே இதில் பாதிதான் தெரியும்.

நர்ஸ் லாவினியா கதைகள் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பெண்பிள்ளைகளுக்காக எழுதப்பட்டவை. மொத்தம் பன்னிரண்டு புத்தகம். லாவினியாவுக்குப் பத்தொன்பது வயது. காலையில் குண்டு விழுந்த தெருவில் கட்டுப் போடுவாள். மத்தியானம் விமானத்திலிருந்து குதிப்பாள். சாயங்காலத்துக்குள் ஒற்றனைப் பிடித்துக் கொடுத்துவிட்டு டீ குடிப்பாள். தலையில் தொப்பி மட்டும் கலையவே கலையாது! பன்னிரண்டு புத்தகத்திலும் அவள் கையில் ஒரு நோயாளிகூடச் சாகமாட்டான். அன்று அதைப் படித்த சிறுமிகள் இன்று நடுத்தர வயதுப் பெண்கள். புத்தகத்தின் மேல் சுற்றியிருக்கும் காகித மேலட்டை கிழியாத பிரதி கிடைத்தால் அடித்துப் பிடித்துக்கொண்டு வாங்குவார்கள். ஏழாவது புத்தகம் மட்டும் யார் கையிலும் சிக்காது. காகிதத் தட்டுப்பாட்டில் அச்சடித்ததே கொஞ்சம்தான்.

அந்த ஏழாவதை அன்று மதியம் நாபி கொண்டுவந்தான். செத்தவர்கள் வீட்டைக் காலி செய்து கொடுப்பது நாபியின் தொழில்.

"இந்தா கிளிஃப். ஒரு கிழவி வீட்டுப் பரண்ல கெடந்துச்சு. கல்யாணமே பண்ணிக்காத நர்ஸம்மா. போர் சமயத்துல காய்ச்சல் ஆஸ்பத்திரியில வேலை பாத்தாளாம்."

"வேற என்ன இருந்துச்சு?"

"ஏப்ரன் ஒண்ணு. கஞ்சி போட்டு மடிச்சு வெச்சிருந்தா. நாப்பது வருஷமா யாருக்காக வெச்சிருந்தாளோ... உனக்கு வேணுமா? இடுப்பு பத்தாது."

அவன் சிரித்துக்கொண்டே போனான். நான் புத்தகத்தைத் திறந்தேன். முதல் வெற்றுத்தாளில் பென்சிலால் எழுதிய பெயர்கள். பதினொன்று. எல்லாம் குழந்தைகள் பெயர். எல்லாம் ஒரே கையெழுத்து... நிமிர்ந்த, பெரியவர் கையெழுத்து.

பிள்ளைகள் தங்கள் பெயரைத் தாங்களே கோணல்மாணலாகக் கிறுக்குவதுதானே வழக்கம்? அப்போதே யோசித்திருக்க வேண்டும். ஆனால் பெயர் எழுதிய புத்தகம் என்றால் வாங்குபவர்கள் மூக்கைச் சுளிப்பார்கள். ரப்பர் வைத்தால் தாள் தேயும். வெள்ளை ரொட்டியின் உள்பக்கத்தை உருட்டி மெதுவாகத் தேய்த்தால் பென்சில் எழுத்து தடம் தெரியாமல் போய்விடும். எங்கள் தொழிலில் எல்லாரும் செய்வதுதான். பதினோரு பிள்ளைகளையும் ஐந்து நிமிடத்தில் துடைத்துப் போட்டேன். கறுத்துப்போன ரொட்டி உருண்டைகளைச் சன்னல் வழியாகக் குருவிகளுக்கு எறிந்தேன். பனியில் பட்டினி கிடந்த குருவிகள். ஒன்றுகூடத் தொடவில்லை.

என் மகள் ஹீதருக்கு அன்று தொண்டை வலி, லேசான காய்ச்சல். வயது ஒன்பது. பள்ளிக்கூடம் போகாமல் மாடியில் படுத்துக்கொண்டு, போரடிக்கிறது என்று பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை கத்திக்கொண்டிருந்தாள். மேலட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, வாயை மூடினால் போதும் என்று அந்தப் புத்தகத்தை அவளிடம் கொடுத்தேன். மணி இரண்டரை.

2.55. கீழே கடையில் இருந்தேன். தலைக்கு மேல் ஒரு சத்தம். சரக்... சரக்... கஞ்சி போட்ட துணி நடக்கிற சத்தம். ஹீதர் போர்வையை இழுக்கிறாள் என்று நினைத்தேன்.

3.20. பால் எடுத்துக்கொண்டு மேலே போனேன்.

"நர்ஸ் போயிட்டாங்களாப்பா?"

"எந்த நர்ஸ்?"

"இப்ப வந்தாங்களே. கையெல்லாம் ஒரே சில்லு. பக்கம் பக்கமா திருப்பிக் குடுத்தாங்க."

"தூக்கத்துல உளறாத, குட்டி."

"உளறல. என் பேர எப்படி எழுதணும்னு கேட்டாங்க. ஒவ்வொரு எழுத்தா சொன்னேன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாடிக்குக் கடைக்குள்ளே இருந்துதான் படி. கடைக் கதவைத் திறந்தால் மணி அடிக்கும். அது அடிக்கவே இல்லை. ஹீதரின் நெற்றி கொதித்தது. தெர்மாமீட்டர் 102 காட்டியது. டாக்டருக்குப் போன் செய்தேன். பனியாக இருக்கிறது, ஆறு மணிக்கு வருகிறேன் என்றார். நோராவும் தபால் நிலைய வேலை முடிந்து ஆறுக்குத்தான் வருவாள்.

3.50. புத்தகத்தைத் திறந்தேன். நான் சுத்தமாகத் துடைத்த தாளின் மேலே... "ஹீ".

"புத்தகத்துல எழுதாதேன்னு எத்தனை தடவை சொல்றது?"

"நான் எழுதல. எங்கிட்ட பென்சிலே இல்ல."

ரொட்டியால் தேய்த்தேன். போய்விட்டது.

4.05. குளிர்காலம், அதற்குள் வெளியே இருட்டிவிட்டது. மறுபடி திறந்தேன். "ஹீதர்". அதே நிமிர்ந்த கையெழுத்து. அறை முழுக்க ஆஸ்பத்திரியில் தரை கழுவுகிற மருந்து வாடை.

அந்த வாடை எனக்குத் தெரியும். ஆறு வயதில் காய்ச்சல் ஆஸ்பத்திரியில் கிடந்தவன் நான். அங்கே ஒரு சட்டம் உண்டு. வார்டுக்குள் போன பொம்மையோ புத்தகமோ வெளியே வரக்கூடாது. தொற்றிக்கொள்ளும் என்று எரித்துவிடுவார்கள். என் துணி முயலை என் கண் முன்னாலேயே அடுப்பில் போட்டார்கள்.

நான் துடைத்த பதினொன்றும் அப்படி ஒரு வார்டில் செத்துப்போன பிள்ளைகளின் பெயர்கள் என்று அப்போதுதான் உறைத்தது. இந்தப் புத்தகம் வெளியே வந்திருக்கவே கூடாது.

கீழே ஓடினேன். சமையலறையில் நிலக்கரி அடுப்பு. இரும்பு மூடியைத் தூக்கினேன். புத்தகத்தை நெருப்புக்கு மேல் நீட்டினேன்.

"அப்பா! சுடுது! அப்பா...!"

மாடியிலிருந்து ஹீதரின் அலறல். கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். அவள் பெயர் அதில் இருக்கிறதே...

4.40. காய்ச்சல் 104. மூச்சு விசில் அடித்தது. தாளில் இப்போது, "ஹீதர் ஆர்ம்". எங்கள் குடும்பப் பெயர் ஆர்ம்ராட். முக்கால்வாசி எழுதியாகிவிட்டது. நான் தேய்த்தேன். தேய்க்கும்போது அவளுக்கு மூச்சு வந்தது. கை ஓய்ந்தால் எழுத்து திரும்பியது. மூச்சு அடைத்தது.

தேய்த்தேன்... தேய்த்தேன்...

5.05. ரொட்டி தீர்ந்துவிட்டது.

சரக்... சரக்...

படியில்.

அறை வாசலுக்கு வெளியே நின்றது. இருட்டில் ஏப்ரனின் கீழ் விளிம்பு மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. அதற்கு மேல் நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை.

"பேஷண்ட் பேரு?"

ஒரு பெண் குரல். கோபம் இல்லை. இரக்கமும் இல்லை.

"வேண்டாம்மா... குழந்தை..."

"முழுப் பேரு வேணும்."

"விட்டுடுங்க..."

"ஏதாவது ஒரு பேரு எழுதணும். நீங்க பேரை அழிச்சதுல படுக்கை காலியா இருக்கு."

ஹீதரின் உதடு நீலமாகிக்கொண்டிருந்தது.

மடியில் புத்தகம் நடுவில் பிரிந்து கிடந்தது. ஒன்பதாம் அத்தியாயம். தொண்டை அடைத்துச் சாகக் கிடக்கும் ஒரு சிறுமியை லாவினியா காப்பாற்றுகிற இடம். அந்தச் சிறுமியின் பெயர் கண்ணில் பட்டது. கதையில் வருகிற பிள்ளை. பெற்றவள் இல்லை. சாவதற்கு உடம்பும் இல்லை.

"டோர்கஸ் விட்லம்," என்றேன்.

"இன்னொரு தடவை சொல்லுங்க."

"டோர்கஸ்... விட்லம்."

பென்சில் சத்தம். கிரீச்... கிரீச்... நிதானமாக.

சுவர்க் கடிகாரத்தில் மணி 5.15.

சரக்... சரக்... படி இறங்கியது. கீழே கடை மணி ஒரு முறை அடித்தது. ஆனால் கடைக் கதவு பூட்டியே இருந்தது.

ஹீதருக்குக் குப்பென்று வியர்த்தது. கண்ணைத் திறந்தாள்.

"அப்பா, பசிக்குது."

அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். தாளில் என் மகள் பெயர் இல்லை. டோர்கஸ் விட்லம் என்ற ஒரே பெயர்தான் இருந்தது. ஆறு மணிக்கு வந்த டாக்டர், சாதாரண டான்சில், இதற்குப் போய் இப்படி நடுங்குகிறாயே என்று கேலி செய்தார். வீட்டில் ஒரு துண்டு ரொட்டிகூட இல்லை என்று நோரா திட்டினாள். அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன். பேயையே ஏமாற்றிவிட்டேன் என்று உள்ளூரப் பெருமைகூட.

புத்தகத்தை வீட்டில் வைத்துக்கொள்ளப் பயம். எரிக்கவும் பயம். நான் வியாபாரி, தள்ளிவிடுவது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த வழி. பிப்ரவரியில் வாடிக்கையாளர்களுக்குத் தபாலில் அனுப்பும் பட்டியலில் அதையும் சேர்த்தேன். எட்டாம் நாள், தெற்கே ஏதோ ஊரிலிருந்து ஒரு பெண்ணின் கடிதம் வந்தது. அதை இன்னும் வைத்திருக்கிறேன்.

"ஐயா, ஏழாவது புத்தகத்தைத் தயவுசெய்து எனக்காக எடுத்துவைக்கவும். என் அக்கா முப்பது வருடமாகத் தேடியது. சிறுமியாக இருந்தபோது அவள் அந்த நூலாசிரியைக்கு ஓயாமல் கடிதம் எழுதுவாள். அந்த அம்மாள் மனம் மகிழ்ந்து, ஒன்பதாம் அத்தியாயத்துச் சிறுமிக்கு அக்காவின் பெயரையே வைத்தார். அக்காவின் மூன்று பிள்ளைகளுக்கு நினைவாக அதைக் கொடுக்க விரும்புகிறேன். போன மாதம் பன்னிரண்டாம் தேதி அவள் இறந்துவிட்டாள். ஐம்பது வயதுகூட ஆகவில்லை. ஒரு நோயும் இல்லை. என் பக்கத்தில் நின்று உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். சட்டென்று கத்தியைக் கீழே வைத்தாள். 'யாரோ ஒரு ஆம்பள என் பழைய பேரைச் சொல்றாண்டி. கல்யாணத்துக்கு முந்தின பேரு. ரெண்டு தடவை சொல்லிட்டான். உனக்குக் கேக்கலையா?' என்றாள். அப்படியே தொண்டையைப் பிடித்துக்கொண்டு விழுந்தாள். அப்போது மணி ஐந்தேகால்."

கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், வருத்தம் வரவில்லை. மாடியில் ஹீதர் கட்டில் மேல் குதித்துக்கொண்டு, தொண்டை கிழியப் பாடிக்கொண்டிருந்தாள். புத்தகம் என் மேசையில்தான் இருந்தது; அதிலுள்ள பெயரை யாரும் அழித்துவிடக் கூடாது. நான் ஒரு தபால் அட்டையை எடுத்து, புத்தகம் விற்றுவிட்டது என்று அந்தப் பெண்ணுக்குப் பதில் எழுதினேன்.