வெள்ளையாக வந்த கடல் சாமந்தி

முதல் நாள்

மொரீஷியஸ் தீவின் பீனிக்ஸ் ஊரில் இருந்த மீன் தொட்டிக் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், கதவைத் திறந்து கொஞ்ச நேரத்திலேயே ஒரு நாற்றம் உள்ளே வந்தது. அதன் பின்னாலேயே மூடி போட்ட பிளாஸ்டிக் வாளியோடு ஓர் அம்மாள் வந்தார். ரிவியேர் தே ஸாங்கீய் சந்தைக்குப் பக்கத்தில் துணிக்கடை வைத்திருந்த மங்களம். இரண்டு பஸ் மாறி அந்த வாளியை மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். பக்கத்து இருக்கையில் யாரும் உட்காரவில்லையாம்.

கடை முதலாளி மிஸ்யே சோங் தீவில் பிறந்த சீனர். வீட்டில் ஹக்கா என்ற சீன மொழி, தெருவில் தீவின் பொதுப் பேச்சான கிரியோல். மங்களம் தமிழர், ஆனால் கோயில் பாட்டுக்கும் உறவு முறைக்கும் அப்பால் அவருக்குத் தமிழ் ஓடாது. அங்கே எல்லோரும் பேசியது கிரியோல்தான். நான் அதை நம் பேச்சில் எழுதுகிறேன்.

"மிஸ்யே, என் மீனெல்லாம் போச்சு. முதல்ல செத்தது நீங்க குடுத்த வெள்ளைப் பூ. நேத்து நல்லா விரிஞ்சிருந்துச்சு. இன்னைக்குத் தண்ணி பால் மாதிரி கலங்கிக் கிடக்கு."

"கடல் சாமான் மதாம். சில சமயம் சாகத்தான் செய்யும்."

"பூ மட்டும் செத்தா சரி. கூட இருந்த எல்லாத்தையும் கூட்டிட்டுப் போயிருக்கே!"

நான் தமிழ்நாட்டில் மண்டபம் என்ற கடலோர ஊர்க்காரி. விலங்கியல் படித்துவிட்டு, கல்யாணத்துக்கு முன்பு சில காலம் கடல் உயிர்களை வளர்க்கும் ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலை பார்த்தவள். கணவருக்கு மொரீஷியஸில் தமிழ் ஆசிரியர் வேலை கிடைத்து, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவரோடு வந்தேன். வாளிக்குள் கைவிட்டுப் பார்த்தேன். பூ மாதிரி விரியும் கடல் உயிரான கடல் சாமந்தி கூழாகக் கரைந்திருந்தது. பெரிய சாமந்தி ஒன்று வீட்டுத் தொட்டிக்குள் செத்து அழுகினால் தண்ணீர் முழுக்க விஷம்தான். பார்த்த உடனே அதை வெளியே எடுத்திருக்க வேண்டும். மங்களத்துக்கு அதை யாரும் சொல்லவில்லை.

"இது வாங்கும்போதே வெள்ளையா இருந்துச்சா?" என்று கேட்டேன்.

"பளிச்சுன்னு வெள்ளை, அக்கா. அதுதான் ஸோலி, அழகுன்னு இவர்தான் சொன்னார்."

மிஸ்யே சோங் மேசை மேல் இருந்த வலையை எடுத்து உதறினார். "ஜனங்க அழகானதைத்தான் கேக்கறாங்க" என்றார், யாரிடம் என்று இல்லாமல்.

சாமந்தியின் இயல்பான நிறம் தேநீர் மாதிரி ஒரு பழுப்பு. அதன் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. வெளிச்சத்தை வாங்கி அந்தப் பாசி சமைக்கும் சாப்பாட்டில்தான் சாமந்தி பிழைக்கிறது. தண்ணீர் சூடானாலும், இருட்டில் அடைத்து வைத்தாலும் பாசி வெளியேறிவிடும். பிறகு தெரியும் அந்த வெள்ளை பட்டினியின் நிறம். இதை இரண்டு பேரிடமும் சொன்னேன். மங்களம் கன்னத்தில் கைவைத்து "அயோ, பாவம்" என்றார். ஆறு மீன்களைப் பறிகொடுத்தவர் அந்தச் சாமந்திக்காக வருத்தப்பட்டதைப் பார்த்ததும் எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

அவர் தொட்டியைக் கழுவி, புதுக் கடல் தண்ணீர் விட்டு, அது பழகி நிதானத்துக்கு வந்த பிறகு நல்ல சாமந்தி ஒன்று தருவதாக முதலாளி ஒப்புக்கொண்டார். அதற்குச் சில மாதம் ஆகும் என்றேன். "நான் எங்க போகப்போறேன்?" என்று மங்களம் காலி வாளியோடு கிளம்பினார்.

விற்பனைக்கு அல்ல

கிழக்குக் கரையிலிருந்து எங்களுக்கு உயிர்களும் கடல் தண்ணீரும் வரும். சென்ட்ர் டி ஃப்ளாக் பஸ் நிலையத்துக்கு மீனவர் கொண்டுவந்து வைப்பார், முதலாளியின் வேன் போய் எடுத்து வரும். அந்தக் கோடையில் பவளத்திட்டுக்கு உள்ளே அடங்கிய லகூன் தண்ணீர் வழக்கத்தை மீறிய சூடு. வந்த டிரம்மைத் திறந்தால் அடியில் ஒரு சாமந்தி. உடம்பு காகிதம் போல வெள்ளை, இதழ் மாதிரி சுற்றி நிற்கும் விரல்களின் நுனி மட்டும் ஊதா. வாய் திறந்தபடி கிடந்தது. என் விரலை வைத்தேன், தெம்புள்ள சாமந்தி போல ஒட்டவில்லை.

அதன் பாதத்தைத் திருப்பிப் பார்த்தேன். கிழியவில்லை. பாறையிலிருந்து பிடுங்கும்போது பாதம் கிழிந்த சாமந்தியை எந்த வைத்தியமும் காப்பாற்றாது. இதற்கு வழி இருந்தது.

"இதை விக்காதீங்க மிஸ்யே. நான் தேத்திப் பாக்கறேன்."

"செத்துப் போறதுக்கு எதுக்கு மதாம் கரண்டு?"

"செத்தா உடனே எடுத்துப் போட்டுடறேன். பிழைச்சா மங்களத்துக்குக் குடுக்கலாம்."

அவர் மூக்கைச் சொறிந்துகொண்டு யோசித்தார். பிறகு ஓர் அட்டையை எடுத்து 'பா பூ வான்' என்று எழுதி அந்தத் தொட்டியில் ஒட்டினார். விற்பனைக்கு அல்ல என்று பொருள். கடையிலேயே பெரிய மெட்டல் ஹாலைடு விளக்கு அந்தத் தொட்டிக்கு மேல்தான் இருந்தது. பட்டினி கிடந்த உடம்புக்கு ஒரேயடியாக வெளிச்சம் ஆகாது என்பதால் நடுவில் ஒரு மெல்லிய வலைத்துணி கட்டினேன். வாரம் போகப் போகத் துணியை விலக்கினேன். பீனிக்ஸ் மேட்டு நிலம், தூறலும் குளிரும் அதிகம். வெப்பத் தீவில் ஹீட்டர் எதற்கு என்று கேட்கும் வாடிக்கையாளர்கள் அங்கே குளிர்காலமான ஜூலை மாதத்தில் செத்த மீனோடு வருவார்கள். அதனால் ஹீட்டரையும் பார்த்துக்கொண்டேன். இறாலை மிளகு அளவுக்கு நறுக்கிக் கொடுத்தேன். முதல் சில வாரம் எல்லாவற்றையும் துப்பியது.

சுன்லான்

ஞாயிற்றுக்கிழமை காலையிலும் கடை உண்டு. ஒரு ஞாயிறு மழைக்கு ஒதுங்கி ஒரு பெண் உள்ளே வந்தாள். பக்கத்து ஆலைப் பேட்டையில் ஸ்வெட்டர் ஆலைக்கு ஒப்பந்தத்தில் சீனாவிலிருந்து வந்திருந்தவர்களில் ஒருத்தி. இருபத்தைந்து வயது இருக்கும். வண்ண மீன்களை எல்லாம் தாண்டி நேராக வெள்ளைச் சாமந்தியின் முன் நின்றாள். மழை விட்டும் போகவில்லை.

நான் அவளிடம் கிரியோலில் "லி மலாட்" என்றேன். நோயாளி என்று. அவள் தலையசைத்தாள். அந்த ஒரு சொல் அவளுக்குத் தெரிந்திருந்தது.

மிஸ்யே சோங் தன் ஹக்காவில் ஏதோ கேட்டார். அவளுக்குப் புரியவில்லை. அவள் தன் சீனத்தில் பதில் சொன்னாள். அவருக்குப் புரியவில்லை. இரண்டு சீனர்கள் ஒருவரையொருவர் பார்த்து விழித்ததில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடைசியில் அவர் பழைய செய்தித்தாளையும் பேனாவையும் எடுத்தார். எழுத்து மட்டும் இருவருக்கும் பொது. அவள் பெயர் சுன்லான் என்றும், ஸ்வெட்டர் கழுத்துப் பட்டியைக் கண்ணி கண்ணியாகக் கோத்து இணைக்கும் வேலை என்றும் அப்படித்தான் தெரிந்தது. தொட்டியைக் காட்டி இரண்டு எழுத்து எழுதினாள். முதலாளி படித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "கடல் சூரியகாந்தின்னு எழுதியிருக்கா."

"எங்க ஊர்ல கடல் சாமந்தி" என்றேன்.

அவர் அதையும் எழுதிக் காட்டினார். அவள் கையைத் தட்டிச் சிரித்தாள்.

அன்றிலிருந்து எல்லா ஞாயிறும் வந்தாள். விடுதியில் தொட்டி வைக்க இடமும் இல்லை, அனுமதியும் இல்லை. எனவே என் தொட்டியைப் பங்கு போட்டுக்கொண்டாள். ஊட்டும் கம்பியை அவளிடம் கொடுத்தேன். நான் இறாலைப் போட்டால் அது சரிந்து விழுந்துவிடும். கண்ணி கோத்த விரல்கள் அவளுக்கு. சாமந்தியின் வாய்க்கு அருகில் அதன் விரல்களின் நடுவே துணுக்கை வைத்து, அது மூடும்வரை கம்பியை அசைக்காமல் பிடித்திருப்பாள். "மான்ஸே, மான்ஸே" என்பாள். சாப்பிடு என்ற அந்தச் சொல்லை ஆலைச் சாப்பாட்டுக் கூடத்தில் கற்றிருந்தாள்.

ஒரு நாள் சாமந்தி துப்பவில்லை. அடுத்த வாரம் விரலை வைத்தபோது லேசாக ஒட்டியது. "லி கோலே!" என்று நான் கத்தினேன். ஒட்டுகிறது! அவளும் கையை விட்டுப் பார்த்தாள். ஊட்டி முடித்ததும் இருவரும் பின்னறையில் உட்கார்ந்து நான் கொண்டுபோன இட்லியைச் சாப்பிட்டோம். அவளுக்குத் தெரிந்த கிரியோல் சொற்களை எண்ணினால் ஒரு கை நிறையாது. ஆனாலும் அவளுக்கு ஊரில் ஒரு தம்பி இருப்பதும், எனக்கு மாமியாரின் கடிதம் வந்தால் தலைவலி வருவதும் ஒருவருக்கொருவர் தெரிந்திருந்தது.

நகர்ந்தது

உடம்பில் தெம்பு வந்தால் சாமந்தி இடம் மாறும். இது பலருக்குத் தெரியாது. பூ மாதிரி இருப்பதால் நட்ட இடத்தில் நிற்கும் என்று நினைப்பார்கள். பிடிக்காத இடமென்றால் பாதத்தை நகர்த்தி நகர்த்திப் போய்விடும். அதற்காகத்தான் பம்ப் உறிஞ்சும் வாயில் ஸ்பாஞ்ச் மாட்ட வேண்டும். நான் மாட்டித்தான் இருந்தேன். யாரோ தொட்டியைத் துடைக்கும்போது அது கழன்று விழுந்திருந்தது.

ஞாயிறு காலை கடையைத் திறந்தபோது சாமந்தியின் ஒரு பக்கத்து விரல்கள் பம்புக்குள் இழுபட்டிருந்தன. பாதம் பம்புக்குப் பின்னால் கண்ணாடியில் அழுந்திப் பிடித்திருந்தது. பிளக்கைப் பிடுங்கினேன். இழுத்தால் கிழியும். விட்டால் நசுங்கிய இடத்திலிருந்து அழுக ஆரம்பிக்கும். கண்ணாடிக்கு வெளியே பாதம் இருக்கும் இடத்தில் முதலாளி ஐஸ் கட்டியை வைத்துப் பிடித்தார். குளிர்ந்தால் பிடி தளரும் என்று நான்தான் சொன்னேன்.

சுன்லான் வந்தாள். பார்த்தாள். சட்டைக் கையை மடித்துக்கொண்டு தோள்வரை தண்ணீரில் இறக்கினாள். முதலில் சைகை காட்டி என்னைப் பம்பின் மூடியைக் கழற்ற வைத்தாள். பிறகு உள்ளே சிக்கிய சாமந்தி விரல்களை ஒவ்வொன்றாகத் தன் விரல் நுனியால் உருட்டி வெளியே எடுத்தாள். அதன் பிறகு பாதம். ஓரத்தை ஆட்காட்டி விரலால் தடவித் தடவி, அது சுருங்கும் நேரத்தில் நகம் படாமல் கொஞ்சம் உள்ளே போவாள். அது மறுபடி பிடித்தால் நிறுத்திக் காத்திருப்பாள்.

மீன் தீனி வாங்க வந்தவரை முதலாளி வாசலிலேயே நிறுத்தினார். "இப்போ ஆபரேஷன் நடக்குது. அப்புறம் வாங்க."

மதியம் ஆகிவிட்டது. சாமந்தி மொத்தமாக அவள் உள்ளங்கையில் வந்து விழுந்தது. சில விரல்கள் போயிருந்தன, பாதம் முழுசாக இருந்தது. அவள் கை தண்ணீரில் ஊறி வெளுத்துச் சுருங்கியிருந்தது. முதலாளி தன் துண்டை எடுத்து அவள் கையைத் துடைத்துவிட்டார். அன்று அவளை வேனில் ஏற்றி விடுதியில் இறக்கிவிட்டதும் அவர்தான்.

உறவினர்

குளிர்காலம் முடியும்போது சாமந்தியின் நடுப்பகுதியில் தேநீர்க் கறை போல ஒரு நிறம் தெரிந்தது. அப்புறம் விரல்களுக்கு ஏறியது. சுன்லானின் ஒப்பந்தமும் முடியப்போகிறது என்று செய்தித்தாள் ஓரத்தில் எழுதிக் காட்டினாள்.

ஒரு ஜோடிக் கோமாளி மீன்களை உள்ளே விட்டேன். மற்ற மீன்களைக் கொட்டும் சாமந்தியின் விரல்களுக்குள்தான் கடலில் இவற்றின் வீடு. எங்கள் லகூனின் கோமாளிகள் படங்களில் வருவது போல ஆரஞ்சு நிறத்தில் இருக்காது. கரும்பழுப்பு உடல், வெள்ளைப் பட்டை, மஞ்சள் வயிறு. பெரியது பெண், சின்னது ஆண். இரண்டும் சாமந்தியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஹீட்டரின் ரப்பர் கப்பைக் குடும்ப வீடாக ஏற்றுக்கொண்டன. சுன்லான் ஒவ்வொரு ஞாயிறும் அவற்றைத் தன் மொழியில் திட்டினாள். கடைசி ஞாயிறும் வந்தது. மீன்கள் ஹீட்டரை விட்டு நகரவில்லை. அவள் கண்ணாடியில் நெற்றியை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றாள். என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனாள்.

அவள் விமானம் ஏற இருந்ததற்கு முந்தின நாள் பிற்பகல். பெண் மீன் சாமந்திக்கு அருகே போய் வாலால் தொட்டது. சுரீரென்று பட்டது போலத் துள்ளி ஓடியது. திரும்ப வந்தது. தொட்டது, ஓடியது. விட்டு விட்டு வெகுநேரம் இதையே செய்தது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் அதிக நேரம் நின்றது. பிறகு உடம்பைச் சாய்த்து விரல்களுக்குள் புகுந்து புரண்டது.

"மிஸ்யே!"

அவர் வந்து பார்த்தார். வேன் சாவியை எடுத்தார். "கடையைப் பாத்துக்கோங்க."

பொழுது சாயும் நேரம் வேன் திரும்பியது. சுன்லானோடு இன்னும் ஏழெட்டுப் பெண்கள் ஒருவர் மடியில் ஒருவராக உட்கார்ந்து வந்து இறங்கினார்கள். எல்லோர் தலையிலும் நூல் பஞ்சு ஒட்டியிருந்தது.

"காவலாளி எப்படி விட்டார்?" என்று கேட்டேன்.

"இவளோட உறவுக்காரங்க ஒருத்தர் ரொம்ப நாளா படுக்கையில கிடந்தாங்க, இன்னைக்குத்தான் எழுந்து உக்காந்திருக்காங்க, கூட்டிட்டுப் போகணும்னேன்." வேன் கதவைச் சாத்திக்கொண்டே சொன்னார்: "பொய்யா என்ன?"

கடையின் மற்ற விளக்குகளை அணைத்தேன். பெண் மீன் சாமந்தியின் நடுவில் தலை மட்டும் தெரியப் படுத்திருந்தது. ஆண் விளிம்பில் நின்று துணிச்சல் தேடிக்கொண்டிருந்தது. பெண்கள் தரையில் உட்கார்ந்து பார்த்தார்கள். ஆண் மீன் உள்ளே பாய்ந்தபோது எல்லோரும் சேர்ந்து கூவினார்கள். சுன்லான் கூவவில்லை. அவள் அழுதுகொண்டிருந்தாள். என் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

புறப்படும்போது என் தோளைப் பிடித்துத் திருப்பி, மேலும் கீழும் பார்த்தாள். "ஊ ஓசி, மான்ஸே" என்றாள். நீங்களும் சாப்பிடுங்கள் என்று. அவ்வளவுதான் எங்களிடம் சொல் இருந்தது.

அந்தச் சாமந்தியைப் பிறகு மங்களம் அதே வாளியில் வீட்டுக்கு எடுத்துப் போனார். இந்த வேலைக்கு வருகிற இளையவர்களிடம் நான் சொல்வது இதுதான். சாமந்தி வாங்கும்போது பாதத்தைப் பாருங்கள், வாய் மூடியிருக்கிறதா என்று பாருங்கள், விரலில் ஒட்டுகிறதா என்று தொட்டுப் பாருங்கள். வெள்ளையை வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள். ஆனால் நோயாளி ஒன்று உங்கள் கடைக்கே வந்துவிட்டால், அதைப் பின்னறையில் மறைக்காதீர்கள். வெளிச்சம் விழும் இடத்தில், வருகிறவர்கள் கண்ணில் படும்படி வையுங்கள். நாம் ஒருவர் மட்டும் கவனித்தால் ஏதாவது ஒரு நாள் சலித்துவிடும். நாலு பேர் வந்து இன்று எப்படி இருக்கிறது என்று கேட்க ஆரம்பித்துவிட்டால், நம்மால் அதைக் கைவிட முடியாது.