நெஞ்சுவலி என்று சொல்லுவோம்

என் வீட்டுக்காரிக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. வாரத்துக்கு மூன்று முறை மெஷினில் படுத்து ரத்தம் சுத்தம் பண்ணவேண்டும். எங்கள் ஊர் கடலூருக்குத் தெற்கே, கடலோரம். கடலூரில் கேட்டோம். எங்களுக்கு முன்னாடியே ஆட்கள் காத்திருந்தார்கள். சிதம்பரத்தில்தான் இடம் கிடைத்தது.

நான் ஹார்பரில் ஐஸ் உடைக்கிறவன். அவள் மீன் விற்றவள். பஸ்ஸில் போவோம். போகும்போது பேசிக்கொண்டு வருவாள். திரும்பும்போது பேச்சு இருக்காது. புதுச்சத்திரம் வருவதற்குள் வாந்தி எடுத்துவிடுவாள். மெஷினில் படுத்தால் அவளுக்கு உடம்பெல்லாம் குளிரும்.

"நான் வித்த மீனு கூட இப்படி விறைச்சதில்ல மாமா," என்பாள்.

மழைக்காலத்தில் ரோட்டில் தண்ணீர் ஏறினால் பஸ் நின்றுவிடும். ஒரு முறை தவறினால் முகம் வீங்கும். அடுத்ததும் தவறினால் மூச்சு வாங்கும்.

எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கே ஒரு மெஷின் வைத்தால் நடந்தே போய்விடலாம். அதைக் கேட்கக் கடலூரில் ஒரு ஆபீசுக்குப் போனேன். அவள் தம்பியும் வந்தான். அங்கிருந்த டாக்டரம்மா கம்ப்யூட்டரில் ஜில்லா படத்தைக் காட்டினார். கிட்னியால் ஜாஸ்தி பேர் இறந்த இடம் சிவப்பு. எங்கள் ஊர் வெள்ளையாக இருந்தது.

"உங்க ஊர்ல கிட்னியால யாருமே சாகலைன்னு வருது. இதப் பாத்துதான் மெஷின் எங்க வெக்கறதுன்னு மேல முடிவு பண்றாங்க," என்றார்.

"எங்க தெருவுலயே செத்திருக்காங்கம்மா. சிதம்பரத்துக்கு எத்தினி பேரு போறோம். அது கணக்குல வராதா?"

"அது அந்த ஆஸ்பத்திரி கணக்குல ஏறிடும். ஊர் வாரியா எங்களுக்கு வர்றது சாவுக் கணக்குதான். செத்தவுங்க எங்க செத்தாங்க?"

"வீட்ல."

"என்ன காரணம் சொன்னீங்க?"

அவள் தம்பி சொன்னான். "நெஞ்சுவலி."

டாக்டரம்மா திட்டவில்லை. "அப்ப நான் எதக் காட்டி மெஷின் கேப்பேன்?" என்றார்.

எங்கள் ஊரில் வழக்கம் அது. வெளியே செத்த உடம்பை வீட்டுக்குள் விடமாட்டார்கள். தெருவிலேயே பந்தல் போட்டுக் கிடத்தி, அப்படியே எடுத்துவிடுவார்கள். அதனால் டாக்டர் கைவிட்டதும், உயிர் இருக்கும்போதே வேன் வைத்து வீட்டுக்குக் கொண்டு வந்துவிடுவோம். அப்புறம் சாவுக் கணக்கு எழுத நர்சம்மா வந்து கேட்டால் நெஞ்சுவலி என்று சொல்லுவோம். கிட்னி என்று எழுத்தில் ஏறினால், குடும்பத்துக்கே உள்ள நோய் என்று வெளியூர் வரை பேச்சு போகும். பெண் கேட்டு யாரும் வரமாட்டார்கள்.

வீட்டுக்கு வந்து அவளிடம் சொன்னேன். சிரித்தாள்.

"ஒரு ஆளு கிட்னியால செத்தா மெஷின் வருமாமா? அப்ப நான் ரெடி. பொண்ணு கல்யாணம் மட்டும் முடியட்டும்."

அந்த வருஷம் மழை விடவில்லை. இரண்டு முறை தவறிப்போனது. மூன்றாவது முறை ஒரு டிராக்டரில் ஏற்றி, தண்ணீர் இல்லாத இடத்தில் ஆட்டோ பிடித்து, சிதம்பரம் கொண்டுபோனேன். நுரையீரலில் நீர் கோத்துவிட்டது என்றார்கள். இனி உடம்பு மெஷினைத் தாங்காது என்றார்கள். வைத்துக்கொள்வதானாலும் சரி, அழைத்துப்போவதானாலும் சரி என்றார்கள்.

ஆஸ்பத்திரியிலேயே விட்டால் காரணம் சரியாக ஏறும். அப்படியும் நினைத்தேன். அவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "வூட்டுக்கு," என்றாள். அவ்வளவுதான் பேச முடிந்தது. அவள் தம்பி வேன் கொண்டுவந்தான். வீட்டுக்குள் பாயில் படுக்க வைத்தோம். பொழுது சாய்வதற்குள் போய்விட்டாள்.

காரியம் முடிவதற்கு முன்னாலேயே நர்சம்மா வந்தார். என் மகள் டீ கொடுத்தாள். பரங்கிப்பேட்டைப் பக்கத்திலிருந்து அவளைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள்.

"நெஞ்சுவலின்னு போட்டுக்குங்க நர்சம்மா," என்றான் என் மச்சினன்.

நர்சம்மா என்னைப் பார்த்தார்.

"கிட்னி," என்றேன்.

"மச்சான்."

"கிட்னிதான். சிதம்பரத்து சீட்டெல்லாம் இருக்கு. எடுத்துக்குங்க."

நர்சம்மா எழுதிக்கொண்டார். என் மகள் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"இனிமே எங்கக்கா பொண்ணுக்கு மாப்பிள்ளைய நீயே செஞ்சு குடு," என்றான் அவன். பதினாறாம் நாளுக்கு வந்தான். என்னோடு பேசவில்லை.

பரங்கிப்பேட்டைக்காரர்களிடமிருந்து அதற்கப்புறம் போன் இல்லை. நானும் கேட்கவில்லை. மகளும் கேட்கவில்லை.

வெயில் காலத்தில் மறுபடியும் அந்த ஆபீசுக்குப் போனேன். அதே டாக்டரம்மா இருந்தார். பார்த்துவிட்டுச் சொன்னார்.

"ஒண்ணு ஏறியிருக்குப்பா. ஒண்ண வெச்சு நான் ஒண்ணும் பண்ண முடியாது. ஊர்ல எல்லாரும் உள்ளத சொல்லணும்."

வந்து தெருவில் சொன்னேன். அவரவர் வீட்டுக்குள் போய்விட்டார்கள். பொழுது போனதும் எதிர்வீட்டுக்காரி வந்தாள். அவளுக்கும் இரண்டு பெண்கள். வாசல் படியேறவில்லை.

"உம் பொண்ண கெடுத்தது பத்தலியா? எங்க பொண்ணுங்களையும் சேத்து எழுதணுமா?"

அவள் அங்கேயே நின்றாள். அவள் புருஷனுக்கு மறுநாள் மெஷினுக்குச் சிதம்பரம் போகிற முறை. கால் ரொம்ப வீங்கிவிட்டது, பஸ்ஸில் ஏற்றிவிட ஒரு கை வேண்டும் என்றாள்.

"வரேன்," என்றேன்.