நாலாவது குருவி

மானிப்பாய்க்கும் வட்டுக்கோட்டைக்கும் இடையில் இருந்த ஒரு சின்ன நூல்நிலையத்துக்கு முன்னால் என் சைக்கிளின் பின் டயர் வெடித்தது. அந்த இடம் எனக்குத் தெரிய வந்தது அப்படித்தான். தொண்ணூறுக்குப் பிறகு, யாழ்ப்பாணத்தில் சண்டையால் கரண்ட் இல்லாமல் போன வருஷங்களில் ஒன்று அது. டயர் கடையில் கிடைக்காது. யாராவது பழையதைக் கழற்றித் தந்தால்தான் உண்டு. கிடைக்கும்வரை எங்காவது தங்க வேண்டும். நான் நூல்நிலையத்து விறாந்தையில் படுத்துக்கொண்டேன்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கிளிநொச்சியில் வயல் வேலை, மன்னாரில் கருவாட்டு வாடி, சாவகச்சேரியில் விறகுக் கடை என்று திரிந்ததில் எந்த இடத்திலும் வேர் பிடித்ததில்லை. விறாந்தையில் படுப்பது எனக்குப் புதிதில்லை. காலையில் நூலகர் வந்து பார்த்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். வட்டுக்கோட்டைப் பக்கம், வேதக்காரர், கிறிஸ்தவக் குடும்பம்.

"தம்பி, ஆர் நீர்?"

சொன்னேன்.

"படுக்கிறதெண்டால் படும். ஆனால் முத்தம் கூட்டி, கிணத்திலை தண்ணி அள்ளி வைக்கவேணும்."

அன்றிலிருந்து அவர் எனக்கு அக்கா.

நூல்நிலையத்தில் இரண்டு அறைகள். முன்னறையில் பத்திரிகை. அது வருகிற நாளில் நாலைந்து வயதானவர்கள் வந்து தாள் தாளாகப் பிரித்து வாசித்துவிட்டுப் போவார்கள். பக்கத்து அறை சிறுவர் பகுதி. பிள்ளைகள் இருக்கச் சின்ன வாங்குகள், இரண்டு அலுமாரி, கதைப்புத்தகங்கள். பிள்ளைகள் வருவது நின்று கனநாளாகியிருந்தது. குண்டு போடும் விமானம் சுற்றினால் பிள்ளை எங்கே நிற்கிறது என்று தாய்மாருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதனால் அவர்கள் பிள்ளைகளை வீட்டு ஒழுங்கையை, அந்தச் சின்னத் தெருவை, விட்டு வெளியே விடுவதில்லை.

அந்த வெறும் அறையில்தான் கூட்டுறவுச் சங்கக்கடையின் மாமூட்டைகளை இறக்குவது என்று நூல்நிலையத் தலைவர் முடிவு செய்திருந்தார். நிவாரண மாவுக்கு நனையாத இடம் வேறு இல்லை என்றார். அவர் சொன்னதும் பொய்யில்லை. அக்கா கெஞ்சியதில், ஓகஸ்ட் லீவின் முதல் கிழமையை, ஏழு நாளை, தவணையாகத் தந்தார். அந்தக் கிழமையில் பிள்ளைகள் வந்தால் அறை பிள்ளைகளுக்கு. வராவிட்டால் மாவுக்கு.

"ஒருக்கால் மூட்டை ஏறினால் பிறகு இறங்காது தம்பி," என்றார் அக்கா. "அலுமாரியைக் கொண்டுபோய் எங்கையாவது அடுக்குவினம். கறையான் வாசிக்கும்."

அவர் நினைத்து வைத்திருந்தது இதுதான். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு புத்தகத்தை எடுத்து வாசிக்க வேண்டும். பிறகு எழுந்து நின்று அந்தக் கதையை மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். பனை ஓலையில் முகமூடி செய்து போடலாம். கரியாலும் செங்கட்டியாலும் சுவரில் படம் கீறலாம். பரீட்சைத் தாள்களின் மறுபக்கத்தில் எழுதலாம். அதற்கெல்லாம் முதலில் பிள்ளைகள் வாசலைத் தாண்டி உள்ளே வர வேண்டும். வாசல் சோடனையாக இருந்தால் வருவார்கள் என்று அக்கா நம்பினார்.

கலர்க் கடதாசி எங்கும் இல்லை. ஆனால் பக்கத்துக் காணியில் ஷெல் விழுந்து தலை முறிந்த தென்னை ஒன்று கிடந்தது. காணிக்காரரிடம் கேட்டு அதன் குருத்தை வெட்டி எடுத்து, நனைத்த சாக்கில் சுற்றி வைத்தேன். வாசிப்பு தொடங்குவதற்கு முதல்நாள் அக்கா வீடு வீடாகப் போய்ப் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளைக் கெஞ்சிக் கூட்டி வந்தார். தோரணம் கட்டத் தெரியுமா என்று கேட்டதற்கு எல்லாரும் தெரியும் என்றார்கள். அவர்களுக்குள் பெரியவள், வடக்குக் கரைப் பக்கமிருந்து இடம்பெயர்ந்து வந்து உறவுக்காரர் வீட்டில் இருந்த ஒரு பத்து வயதுப் பெட்டை. அவள்தான் மேற்பார்வை.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கதைப்புத்தகங்கள் தருவதாகச் சொல்லியிருந்தார். பத்திரிகை வாசிக்க வந்த ஒருவரின் சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு நான் வட்டுக்கோட்டைக்குப் போனேன். பின்னேரம் புத்தகங்களோடு திரும்பி வரும்போது சந்தியில் மூன்று பெண்கள் வேகமாக நடந்துகொண்டிருந்தார்கள். ஒருத்தி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தியிருந்தார்.

"தம்பி, நூல்நிலையத்திலை ஆர் மோசம் போனது?"

"எனக்குத் தெரியாதம்மா. காலமை எல்லாரும் நல்லாத்தான் இருந்தவை."

சொல்லிவிட்டு மிதித்தேன். வாசலில் ஒருவர் சைக்கிளை விட்டு இறங்கி, செத்தவீட்டுக்கு வந்தவர்போல் தோளில் கிடந்த துவாயை எடுத்துக் கையில் பிடித்தபடி நின்றார். அக்காவோ ஸ்டூலில் ஏறி நின்று கடைசிக் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். முகம் நிறைய சந்தோஷம்.

பின்னாலேயே அந்தப் பெண்களும் வந்து சேர்ந்தார்கள். வாயைப் பொத்தியிருந்தவர் அக்காவை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ உயிரோடைதான் நிக்கிறியோ பிள்ளை? உன்ரை செத்தவீடெண்டு நினைச்செல்லோ ஓடி வாறன்."

"எனக்கென்ன அம்மா? நாளைக்குப் பிள்ளையளுக்கு வாசிப்பு. அதுக்குத்தான் சோடிக்கிறம்."

"வாசிப்புக்கோ? உதையோ?"

நான் அண்ணாந்து பார்த்தேன். எங்கள் பக்கத்தில் குருத்தோலைத் தோரணம் இரண்டு விதம். கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் கட்டுவதில் ஓலையை மடித்து நாலு குருவி வைப்பார்கள். தலைகள் மேலே பார்க்கும். சாவுக்குக் கட்டுவதில் மூன்று குருவி. தலைகள் கீழே தொங்கும். கேற்றிலிருந்து கதவுவரை அன்று தொங்கியதெல்லாம் மூன்று குருவி. அழகாக, ஒரே அளவில், பிசகில்லாமல் கட்டியிருந்தார்கள்.

அக்கா ஸ்டூலை விட்டு இறங்கினார். "நான் வேதக்காரி அம்மா. எனக்கு உந்த வித்தியாசம் தெரியாது. பிள்ளையள் கட்டினதைத்தான் தூக்கினனான்."

"ஆரடி உங்களுக்கு உதைப் பழக்கினது?" என்று அந்த அம்மா பிள்ளைகள் பக்கம் திரும்பினார்.

"ஒருத்தரும் பழக்கேல்லை," என்றாள் பெட்டை. "எங்கடை ஒழுங்கையிலை இப்பிடித்தான் கட்டுறவை. நாங்களும் நிண்டு கட்டினனாங்கள்."

அந்த அம்மாவோடு வந்தவர்தான் மெதுவாகச் சொன்னார்: "உந்த ஒழுங்கையிலை கலியாணம் நடந்து மூண்டு வருஷமாச்சு. உதுகள் வேறை எதைப் பாத்தது?"

விஷயம் தலைவரின் காதுக்கு எட்டி, அவரும் சைக்கிளில் வந்து இறங்கினார். தோரணத்தைப் பார்த்தார், பிறகு அக்காவைப் பார்த்தார்.

"இனி எந்தத் தாய் இந்த வாசலாலை பிள்ளையை விடுவா? நான் மாவை நாளைக்கே இறக்கலாம் போலை கிடக்கு."

"கிழமை முடியட்டும் ஐயா. நீங்கள் தந்த தவணை."

"முடியட்டும், முடியட்டும்," என்று அவர் போய்விட்டார்.

நானும் அந்தப் பெண்களுமாகத் தோரணங்களைக் கழற்றி அறைக்குள் குவித்தோம். எரித்துவிடுங்கள் என்றார் வாய்பொத்திய அம்மா. பெட்டை குவியலுக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள்.

"காலமை துவக்கம் இருந்து கட்டினது. ஒரு குருவிதானே குறையுது. அதையும் வைச்சு, தலையை மேலை திருப்பினால் என்ன?"

"ஒட்டுப் போட்ட தோரணம் தோரணமோடி?"

"ஒட்டுப் போட்ட சட்டை சட்டைதானே," என்றாள் பெட்டை. அவள் போட்டிருந்ததில் தோளில் ஒன்றும் இடுப்பில் ஒன்றுமாக ஒட்டு இருந்தது.

அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்படியே நிலத்தில் குந்தி, ஒரு துண்டு ஓலையை மடித்துக் குருவியாக்கி, ஈர்க்கால் குத்திச் சேர்த்துப் பார்த்தார். நின்றது. பிள்ளைகள் அடுத்ததை எடுக்கப் பாய்ந்தார்கள். அக்கா மறித்தார்.

"பொறுங்கோ. இப்ப இல்லை. நாளைக்கு ஒரு புத்தகம் வாசிச்சு, எழும்பி நிண்டு கதையைச் சொல்லுறவை ஆரோ, அவைதான் நாலாவது குருவியை வைச்சுத் தூக்கலாம்."

மீதி ஓலையை நான் திரும்பவும் நனைத்துச் சுற்றி வைத்தேன்.

அடுத்த நாள் காலை நாலு பிள்ளைகள்தான் வந்தார்கள். பெட்டையும் அவளோடு இழுபட்டு வந்த மூன்று பேரும். வெறும் கயிறு வாசலில் ஆடியது. அக்கா புத்தகங்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். பத்து மணிபோல் நேற்று வாயைப் பொத்தி வந்த அம்மா தன் மகனைக் காதில் பிடித்துக் கொண்டுவந்து வாசலில் விட்டார்.

"செத்தவீட்டுத் தோரணம் ஊர்ப் பொதுவிடத்திலை அரைகுறையாய்க் கிடக்கக் கூடாது. வாசிச்சுப்போட்டு உன்ரை பங்கைக் கட்டிப்போட்டு வா. கட்டாமல் வந்தால் சோறில்லை."

அவர் இதையே ஒழுங்கை முழுக்கச் சொல்லியிருக்க வேண்டும். மத்தியானத்துக்குள் வாங்கு நிறைந்துவிட்டது. அக்காவின் சோடனை செய்யாததை அந்தப் பயம் செய்தது. அபசகுனத்தை நேராக்க வேண்டும் என்று தாய்மார் பிள்ளைகளைப் புத்தகம் வாசிக்க அனுப்பினார்கள்.

அந்த அம்மாவின் பையன் ஒரு நரிக் கதையை வாசித்தான். ஓலை முகமூடியைப் போட்டுக்கொண்டு எழுந்து நின்றான்.

"நரிக்குக் காட்டிலை பசி தாங்கேலாமல் போச்சு. ஊருக்குள்ளை போகலாமெண்டு வெளிக்கிட்டு, போய் பாசுக்கு விண்ணப்பிச்சுது. பாஸ் குடுக்கேல்லை."

"புத்தகத்திலை அப்பிடியோ கிடக்கு?" என்றார் அக்கா.

"இல்லை ரீச்சர். பாஸ் இல்லாமல் எப்பிடிப் போறது? எழுதினவர் மறந்து போனார்."

அந்த நாளில் பாஸ் இல்லாமல் யாழ்ப்பாணத்தை விட்டு யாரும் வெளியே போக முடியாது. அறை முழுக்கச் சிரித்தது. முன்னறையில் பத்திரிகை வாசித்தவர்களும் எட்டிப் பார்த்தார்கள். அவன் தன் குருவியைக் குத்தி, தலையை மேலே திருப்பி, தோரணத்தைக் கயிற்றில் தொங்கவிட்டான். ஓலை ஏற்கெனவே கொஞ்சம் வாடியிருந்தது. யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. விமானம் சுற்றிய இரண்டு தரமும் எல்லாரும் வாங்குகளுக்குக் கீழே போனோம். கதை சொல்லிக்கொண்டிருந்த பிள்ளை கீழே இருந்தபடியே தொடர்ந்தது. மேலே வந்தபோது கதை முடிந்திருந்தது. அந்தப் பிள்ளைக்கும் குருவி கொடுத்தோம்.

கிழமைக் கடைசியில் உழவு இயந்திரத்தில் மாமூட்டைகளோடு தலைவர் வந்தார். சாரதி இறங்கி, "எங்கை ஐயா இறக்கிறது?" என்றான். தலைவர் அறை வாசலில் நின்று உள்ளே பார்த்தார். வாங்கில் இடமில்லாமல் நிலத்திலும் பிள்ளைகள். சுவர் முழுக்க கரியும் செங்கட்டியுமாக யானை, கப்பல், நரி. ஒரு சின்னப்பிள்ளை அவருடைய வேட்டியைப் பிடித்து இழுத்து, "இருங்கோ, மறைக்குது," என்றது. அவர் நகர்ந்து நின்றார். பிறகு அண்ணாந்து கயிற்றைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"என்ரை வீட்டு முன்னறையிலை இறக்கு," என்றார் சாரதியிடம்.

"வீட்டிலை அம்மா ஏசுவா ஐயா."

"அவ ஏசாத நாள் எது? இறக்கு."

அக்கா வெளியே வந்து ஏதோ சொல்லப் போனார். தலைவர் கையைக் காட்டித் தடுத்தார். "லீவு முடியட்டும், பாப்பம்," என்றுவிட்டுச் சைக்கிளில் ஏறினார். லீவு முடிந்தும் மா அங்கே வரவில்லை.

இரண்டாம் கிழமையில் எனக்கு ஒரு டயர் கிடைத்தது. இரண்டு இடத்தில் தைத்தது, ஆனாலும் ஓடும். தென்மராட்சிப் பக்கம் வீடு வேய ஆள் தேடுகிறார்கள் என்று கேள்வி. காலையில் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தபோது பெட்டை வந்து நின்றாள்.

"அண்ணை, புத்தகம் முடிஞ்சுது."

"எது முடிஞ்சுது?"

"எல்லாம். இரண்டு அலுமாரியும். சின்னதுகள் அழுதுகொண்டு நிக்குது."

அக்கா கதவோரம் வந்தார். உடுவிலில் ஒரு வீடு இருக்கிறது, வீட்டுக்காரர் கனடாவுக்குப் போய்விட்டார்கள், காவலுக்கு இருப்பவர் அங்குள்ள கதைப்புத்தகங்களை எடுத்துப் போகலாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார் என்றார். என்னைப் போகச் சொல்லவில்லை. என் சைக்கிள் கரியரை மட்டும் பார்த்தார்.

நான் கட்டிய சாமான்களை அவிழ்த்து விறாந்தையில் வைத்தேன். கரியர் வெறுமையாக இருந்தால்தான் புத்தகம் ஏற்றலாம். றோட்டில் ஏறி உடுவில் பக்கம் திரும்பும்போது பெட்டை பின்னாலிருந்து கத்தினாள்.

"தடிச்ச புத்தகமாய்ப் பாத்து எடுங்கோ அண்ணை. மெல்லிசுகள் ஒரு நாளிலை முடிஞ்சுபோகும்."