மிஸ்டு கால் மழையும் ஒரு கிடாவும்

மழை வருவதற்கு முன்னாலேயே செல்போனில் மணியடிக்கும் சேவையைக் கண்டுபிடித்தவன் நான்தான். பொய். பாதி ஓர் அட்டை கண்டுபிடித்தது, மீதி ஒரு கிடா.

முதுகுளத்தூரில் ஒரு பயிற்சிக்குப் போயிருந்தேன். செல்போனை வைத்து ஊருக்கு உதவுகிற புதுச் சேவை ஒன்றை யோசிக்க வேண்டுமாம். நான் யோசித்தது மத்தியானச் சோற்றை. பயிற்சி கொடுத்த அம்மா ஆளுக்கொரு அட்டை தந்தார். மூன்றாம் வகுப்பைத் தாண்டாத நான் என்னுடையதை எழுத்துக்கூட்டிப் படித்தேன்: ‘ஏதாவது ஒன்றை எடுத்துவிடு.’

“போன்ல பேச்ச எடுத்துட்டா என்னம்மா?” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அந்த அம்மா மட்டும் கைதட்டினார். “அதுதாங்க மிஸ்டு கால்! அத வச்சு என்ன செய்வீங்க?”

எனக்கு உடனே களம்தான் ஞாபகம் வந்தது. வருஷம் பூராவும் பாடுபட்ட மிளகாய் அங்கேதான் காய்ந்துகொண்டிருந்தது. ஒரு மழை பட்டால் வெளுத்துவிடும், சீந்த ஆளிருக்காது. என் மச்சினன் பெரியபட்டினத்தில் மீன் வண்டி ஓட்டுகிறான். கடலில் மேகம் ஏறினால் அவன் ஒரு ரிங் விட வேண்டும், அங்கே மழை விழுந்தால் இரண்டு ரிங். யாரும் எடுக்கக் கூடாது.

முதல் மேகம் வந்தது, முதல் ரிங்கும் வந்தது. என் மனைவி எடுத்துவிட்டாள்.

“தம்பி, சாப்பிட்டியா? என்ன கொழம்பு?”

“நண்டுக் கொழம்புக்கா. அக்கா, இங்கன மேகம்…”

“நண்டா? யாரு வச்சா?”

நண்டுக்கு மசாலா அரைத்து முடிப்பதற்குள் அவன் போனில் காசு தீர்ந்தது. களத்தில் கால்வாசி மிளகாய் நனைந்தது.

“ஏங்க, கூடப் பெறந்தவன் கூப்புடுறான், எடுக்காம இருந்தா என்ன நெனப்பான்?” என்றாள். போனை என்னிடம் தந்திருக்கலாமே என்பீர்கள். நான் எடுத்திருந்தால் முழுக் களமும் நனைந்திருக்கும்.

பயிற்சியில் பக்கத்தில் இருந்தவருக்கு வந்த அட்டை அப்போதுதான் நினைவுக்கு வந்தது: ‘தலைகீழாக்கு.’ மச்சினன் போன் அடித்தால் எடுப்பவரை விட்டுவிட்டேன். எடுக்கவே எடுக்காதவர் யார் என்று தேடினேன்.

பக்கத்துக் களத்துப் பங்காளி! என்னைவிட மூத்தவர். வரப்புத் தகராறில் ஒன்பது வருஷமாக எங்கள் வீட்டோடு பேச்சில்லை. என் மச்சினன் நம்பரைப் பார்த்தால் போனைத் தொடக்கூட மாட்டார். மணி கேட்டதும் தன் மிளகாயை மூட ஓடுவார். அவர் ஓடுவதைப் பார்த்து நாங்களும் ஓடலாம்.

ஆம்பளைகளுக்குத்தான் சண்டை. என் மனைவி தண்ணீர்க் குழாயடியில் அவர் மனைவியிடம் விஷயத்தைச் சொன்னாள். மறுநாள் பங்காளி தன் களத்தில் நின்று, தன் கிடாவைப் பார்த்துச் சத்தமாகப் பேசினார்.

“ஏலே கெடா, செல பேருக்கு மூள லேட்டா வேல செய்யிதுடா. அந்த மச்சினன் நம்பர வேணும்னா குடுத்துட்டு, நம்ம நம்பர வாங்கிட்டுப் போகச் சொல்லு.”

நானும் கிடாவிடமே மச்சினன் நம்பரைச் சொல்லி, அவர் நம்பரையும் கேட்டு வாங்கினேன்.

அன்றிலிருந்து ஒரு மிளகாய்கூட நனையவில்லை. அக்காள்மடத்தில் இருக்கும் என் சகலைகூடத் தனக்கும் இந்த ஏற்பாடு வேண்டுமென்று போனில் கேட்டார். “உங்க ஊர்ல யார்கூடப் பேச மாட்டீங்க?” என்றுதான் முதலில் விசாரித்தேன். அவர் ஒரு பெரிய பட்டியலே சொல்ல ஆரம்பித்தார். அதில் முதல் ஆள்…

“ஏலே கெடா! ரெண்டு ரிங் வந்துருச்சு! அங்கன உக்காந்து கத அளக்குறவன தார்ப்பாய எடுத்துட்டு ஓடியாரச் சொல்லு!”

ஏலே கெடா, வாரேன்னு சொல்லுடா!