டிரைவர் சீட்டும் என் பைல்ஸும்

பஸ் ஓட்டுறது கையும் காலும் செய்யற வேலைன்னு நினைக்கிறவங்க ஒரு நாளும் பஸ் ஓட்டாதவங்க. அது முழுக்க முழுக்க உட்காருற வேலை. விடியறதுக்கு முன்னாடி தம்போய்ங்கிற எங்க ஊர்ல, சிங்கப்பூருக்கு வேலைக்குப் போற ஆளுங்களை ஏத்தி, சிங்கப்பூர் பாலத்து ஜாம்ல நகராம உட்காரணும். சாயங்காலம் அதே ஜாம்ல எதிர்ப்பக்கம் பார்த்து உட்காரணும். இத்தனை வருஷம் ஒழுங்கா உட்கார்ந்ததுக்கு எனக்குக் கிடைச்ச விருதுதான் பைல்ஸ். இதை நின்னுக்கிட்டே படிக்கிறவங்க யாராச்சும் இருந்தா, வாங்க, நாம ஒரே கட்சி.

முதலாளியின் கருணை

களிம்பு, கற்றாழை, பப்பாளின்னு எல்லாம் பார்த்தாச்சு. கடைசியில டாக்டர் பார்த்துட்டு, வெட்டித்தான் எடுக்கணும்னாரு. "ஏன் இவ்வளவு நாள் யார்கிட்டயும் காட்டல?"ன்னு ஒரு கேள்வி வேற. ஆமா, கல்யாண ஆல்பம் பாருங்க, வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் எடுத்துக் காட்ட!

எனக்குப் பயம் கத்தியைப் பார்த்து இல்ல. உட்கார முடியாத டிரைவரை எந்த முதலாளி வச்சுக்குவாரு? அதனால எங்க பஸ் முதலாளிகிட்ட ஹெர்னியான்னு சொல்லி எம்.சி., அதான் மெடிக்கல் லீவு, கேட்டேன். மனுஷன் உடனே, ஸ்கூல் பஸ் ஓட்டிக்கிட்டிருந்த மணியத்தை என் வண்டிக்குப் போட்டாரு. அப்புறம் தோள்ல தட்டிச் சொன்னாரு பாருங்க: "நீங்க நல்லா ரெஸ்ட் எடுங்கலா. மணியம் இருக்காரு, அவசரமே இல்ல."

வெள்ளிக்கிழமை அர்ச்சனை

ஆப்பரேஷனுக்கு முந்தின வெள்ளிக்கிழமை என் சம்சாரம் சரசு கோயிலுக்குப் போயி என் பேர்ல அர்ச்சனை வச்சா. பேர், நட்சத்திரம் எல்லாம் சொல்லி, "ஆப்பரேஷன் நல்லபடியா முடியணும் சாமி"ன்னிருக்கா. ஐயர் அக்கறையா, "என்ன ஆப்பரேஷன்மா?"ன்னு கேட்டிருக்காரு. அவர் துண்டுல மைக் மாட்டியிருந்தது. இவளும் மைக்குக்குப் பக்கத்துல குனிஞ்சு, "பைல்ஸ் சாமி"ன்னுட்டா. செருப்பு விடுற இடம் வரைக்கும் ஸ்பீக்கர் கட்டியிருக்காங்க, நல்ல தரமான ஸ்பீக்கர்.

வீட்டுக்கு வந்து அவளே சொன்னா. எனக்குத் தலையில அடிச்சுக்கலாம் போல இருந்துச்சு. என் பஸ்ல வர்றவங்க பாதிப் பேரு அந்தக் கோயிலுக்குத்தான் போறாங்க. ஹெர்னியான்னு சொல்லித் தொலைச்சா என்னன்னு கத்தினேன். அவ நிதானமா கேட்டா: "சாமிகிட்ட பொய் சொல்லி, சாமி ஹெர்னியாவைக் குணமாக்கிட்டுப் போயிட்டா நீங்க என்ன பண்ணுவீங்க?"

உப்புத் தண்ணி மகாராஜா

ஆப்பரேஷன்ல வலியே தெரியல. எல்லாத்தையும் பாத்ரூமுக்குன்னு சேர்த்து வச்சிருந்தாங்க போல. நர்ஸு சிரிச்ச முகத்தோட, "முக்காதீங்க அங்கிள், தானா வரும்"னு சொல்லி வீட்டுக்கு அனுப்பி வச்சது. தானா வந்துச்சு, கூடவே என் உயிரும் வந்துச்சு. அலமாக்! அம்மா, அப்பா, முருகான்னு தெரிஞ்ச பேரையெல்லாம் கூப்பிட்டுட்டு, வெதுவெதுப்பான உப்புத் தண்ணி பேசின்ல போயி மகாராஜா மாதிரி உட்கார்ந்தேன். இந்த லட்சணத்துல பாலத்து ஜாம்ல எப்படி உட்காரப் போறோம்னு நினைச்சு நிஜமாவே அழுதேன். கதவுக்கு வெளியே சரசு: "கத்துறதுதான் கத்துறீங்க, 'ஐயோ ஹெர்னியா'ன்னு கத்துங்க. பக்கத்து வீட்ல கேக்குது."

நலம் விசாரிக்க வந்த டுரியான்

ஒரு நாள் மணியம் பார்க்க வந்தாரு. நோயாளியைப் பார்க்க வர்றவங்க ஆரஞ்சு வாங்கிட்டு வருவாங்க. இவரு டுரியான் பழம் வாங்கிட்டு வந்தாரு. பைல்ஸுக்கு டுரியான் எப்பேர்ப்பட்ட சூடுன்னு இந்த ஊர்ல பூனைக்குக்கூடத் தெரியும். வேணாம்னு சொன்னா விஷயம் முதலாளி காதுக்குப் போயிடும், வண்டியும் இவருக்கே போயிடும். சாப்பிட்டா நான் போயிடுவேன்.

நாற்காலி நுனியில ஒருபக்கமா உட்கார்ந்து, சிரிச்சுக்கிட்டே ஒரு சுளையை முழுங்கினேன். மறுநாள் காலையில நான் பட்டதை இங்க எழுதினா நீங்க படிக்கிறதை நிறுத்திடுவீங்க. மணியமும் ஏனோ சரியா உட்காராம நெளிஞ்சுக்கிட்டேதான் இருந்தாரு. என் வீட்ல இருக்கக் கூச்சமோன்னு நினைச்சேன். அடுத்த சுளையை நீட்டி உபசாரம் வேற: "தைரியமா சாப்பிடுங்கண்ணே, ஹெர்னியாவுக்கு ஒன்னும் செய்யாது. பைல்ஸ்னாதான் பயப்படணும்."

மறுபடியும் சீட்டு

லீவு முடிஞ்சு வேலைக்குப் போன அன்னிக்கு, மணியத்தை வச்சே ஓட்டிக்கிறோம்னு முதலாளி சொல்லிடுவாரோன்னு பயந்தேன். அவரு சாவியை எடுத்துக் கொடுத்தாரு. பஸ்ல ஏறினா, டிரைவர் சீட்டுல நடுவுல ஓட்டை போட்ட குஷன் ஒன்னு. தினமும் முன்சீட்டுல வர்ற மாலா, சிங்கப்பூர்ல ஃபேக்டரி வேலை செய்யற பொண்ணு, சிரிப்பு வெளிய வராம வாயைப் பொத்திக்கிட்டு நின்னுச்சு.

யார் வச்சதுன்னு முறைச்சேன். மாலாதான் சொல்லுச்சு:

"அக்கா அர்ச்சனை வச்ச வெள்ளிக்கிழமை நாங்க எல்லாரும் கோயில்லதான் இருந்தோம், முதலாளி உட்பட. குஷன் மணியம் அண்ணனோடது. அவருக்கும் பைல்ஸ் முன்னாடியே கொஞ்சம் இருந்துச்சாம், உங்க சீட்டு முழுசா முடிச்சு வச்சிடுச்சாம். இனிமே இந்த வண்டிப் பக்கமே வர மாட்டாராம். உங்க டாக்டர் நம்பர் வேணுமாம்ணே."

என் வேலையைக் காப்பாத்தினது என் திறமையும் இல்ல, முதலாளியோட நல்ல மனசும் இல்ல, வேற எவனையும் உட்கார விடாத அந்தப் பாழாப்போன சீட்டுதான்.