நாலு பெரிய மாலை, ஐந்து சின்ன மாலை

"தெரியாத ஒண்ணுக்கு எக்ஸுன்னு பேரு வெச்சுட்டா, அது தெரிஞ்சதா ஆயிடுமா?" என்று கேட்டார் என் நைனா.

ஆடிக் கிருத்திகை முடிந்த வாரம் அது. மலைக்கோயிலுக்கு வரும் காவடிகளுக்கு மாலை கட்டுவதுதான் எங்கள் பிழைப்பு. எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். ஐந்தாம் பாரத்தில் இரட்டைச் சமன்பாடு அப்போதுதான் பிடிபட்டிருந்தது. தெரியாதவை இரண்டு என்றால் சேதியும் இரண்டு வேண்டும். அவற்றைக் கொண்டு ஒன்றை ஒழித்தால் மற்றது வெளியே வந்துவிடும். அதை வீட்டில் பீற்றிக்கொண்டேன்.

பள்ளிப்பட்டிலிருந்து என்னைப் பெண் கேட்டிருந்தார்கள். நைனா பந்தயம் வைத்தார். "பெரிய மாலைக்கு எத்தினி படி பூ, சின்னதுக்கு எத்தினி? எனக்குக் கண்ணே சொல்லும். உன் எழுத்து சொன்னா மேல படி. இல்லன்னா பள்ளிப்பட்டு."

திருவிழாவின் முதல் நாள் கட்டியது இரண்டு பெரியது, மூன்று சின்னது; பூ பன்னிரண்டு படி. "ரெண்டாம் நாள் எல்லாமே ரெட்டிப்பு, இல்லடி?" என்று அம்மாவைக் கேட்டார்.

"ஆங், ரெட்டிப்புதாங்க" என்றாள் அம்மா.

போட்டேன். பூஜ்யம் சமம் பூஜ்யம் என்று வந்தது. இரண்டும் ஒரே சேதி; அதில் விடை கிடைக்காது. பூக்காரர் வீட்டுப் பெண்ணான எனக்கும் கண்ணளவு தெரியும். பெரியதுக்கு மூன்று படி, சின்னதுக்கு இரண்டு என்று சொல்லியிருக்கலாம். கணக்கில் வராததைச் சொல்ல என் கர்வம் விடவில்லை.

"இதுல வராது நைனா."

"வராதா? பூஜ்யம் எழுதவா இத்தினி வருசம் போய்க்கினு இருந்த?" என்று சிரித்தார். புத்தகங்களைக் கட்டிப் பரண்மேல் போட்டார்.

மறுநாள் கிணற்றடியில் அம்மா குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "ரெண்டாம் நாள் பெரிசு நாலு, சின்னது அஞ்சுதான் கட்டுனேன். இருபத்திரண்டு படி."

தரையில் ஈர விரலால் போட்டேன். மூன்று, இரண்டு. உடனே வந்தது.

"ஏம்மா நேத்தே சொல்லல?"

"அவரு சொன்ன பிறகு நான் வேற சொல்லுவனா?"

நான் நைனாவிடம் சொல்லியிருந்தால் அம்மா மாட்டிக்கொண்டிருப்பாள். சொல்லவில்லை. பள்ளிப்பட்டுச் சம்பந்தம் கூடிவரவில்லை; பள்ளிக்கூடமும் திரும்பக் கிடைக்கவில்லை. மறு வருஷ மழைக்காலத்துக் காய்ச்சலில் அம்மா போய்விட்டாள். அவள் வாயிலிருந்து சொந்தமாக வந்த கணக்கு அது ஒன்றுதான். அதைக் கேட்ட ஒரே ஆள் நான்.

நேற்று, நைனாவைக் கேட்காமல், தனியாகப் பள்ளியிறுதிப் பரீட்சை எழுதுவதற்கான விண்ணப்பத்தைத் தபாலில் சேர்த்துவிட்டேன்.