மாலைக்கு ஒரு நாற்காலி

அக்கார்டியன் வாசிக்கிறவனுக்கு ஞானம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் சமாளித்துவிடலாம். இடுப்பு மட்டும் முழுசாக இருக்க வேண்டும். பெட்டி பன்னிரண்டு கிலோ. வார் இரண்டையும் தோளில் மாட்டி, பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சாயங்காலம் ஏழு மணியிலிருந்து கச்சேரி முடிகிற வரைக்கும் சிரித்த முகமாக நிற்க வேண்டும். பெற்ற தாய்கூடப் பத்து மாதத்தில் இறக்கி வைத்துவிடுகிறாள். நான் எழுபத்திரண்டில் தூக்கினவன், எண்பத்தாறில்தான் இறக்கினேன்.

பகலில் வேலூர் லாங் பஜார் பக்கத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் மாஸ்டர். அங்கே முதுகு ஒடிய ஸ்டூல். சாயங்காலம் மெல்லிசைக் குழு. ஆடி பிறந்தால் ஊர் ஊராக அம்மன் திருவிழா, வெட்டவெளியில் மேடை, பாட்டுக் கச்சேரி. இடுப்பைப் பிடித்துக்கொண்டு இதைப் படிக்கிற சக நோயாளிகளே, உங்களுக்குத்தான் சொல்கிறேன். இடுப்பு நன்றாக இருக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்.

கசங்கிடும் சார்

எட்டு வருஷம் ஒரு குறையும் இல்லை. எண்பதாம் வருஷம் குடியாத்தத்தில் பிடித்தது சனியன். நெசவாளர் தெரு, அம்மன் திருவிழா. வேனிலிருந்து பெட்டியை இறக்கக் குனிந்தேன், 'மளுக்'கென்று ஒரு சத்தம். பெட்டியில் என்னமோ உடைந்துவிட்டது என்று பதறிப்போய்த் திறந்து பார்த்தேன். பெட்டி நன்றாகத்தான் இருந்தது.

எங்கள் குழுவில் தபேலாக்காரர் ஜமக்காளத்தில் உட்கார்ந்துவிடுவார். பாடுகிறவர்கள் தங்கள் பாட்டுக்கு வந்து நின்றுவிட்டு, டீ குடிக்கக் கீழே போய்விடுவார்கள். அக்கார்டியன் மட்டும் எல்லாப் பாட்டுக்கும் உண்டு, தரையில் உட்கார்ந்தால் அதை விரிக்கவும் முடியாது. ஒரு நாற்காலி கிடைத்தால் பிழைத்தேன். மேடை ஓரத்தில் ஏழு மடக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். தர்மகர்த்தா, தலைவர், செயலாளர், பொருளாளர், பொருளாளரின் மச்சான், மச்சானோடு வந்த இன்னொருத்தர். ஏழாவது நாற்காலியில் ஆள் இல்லை. ஒரு தாம்பாளத்தில் மூன்று ரோஜா மாலை உட்கார்ந்திருந்தது. செயலாளரிடம் போய், ஐயா இடுப்பு பிடிச்சிருக்கு, அந்த ஒரு நாற்காலியைக் கொடுத்தால் புண்ணியமாப் போகும் என்று கேட்டேன். அவர் மாலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நியாயமாக யோசித்துத்தான் பதில் சொன்னார்: "மாலைய கீழ வெச்சா கசங்கிடும் சார். நீங்க மனுசன்தானே, கொஞ்சம் அஜ்ஜஸ் பண்ணிக்கிங்க."

பெட்டி தெரியணும்

வெளி ஆள் அப்படித்தான் பேசுவான், விடுங்கள். நம்ம ஆள் என்ன செய்தார் தெரியுமா? எங்கள் குழுத் தலைவர் தனபால். அவரே பாடுவார், அவரே வேன் பேசுவார், எங்களைத் திட்டுவதும் அவரேதான். என் வீட்டிலிருந்தே ஒரு மர நாற்காலி கொண்டுவருகிறேன், வேனில் ஒரு மூலையில் கிடக்கட்டும் என்றேன். வந்ததே கோபம் அவருக்கு! அக்கார்டியன் என்றால் நின்றுதான் வாசிக்க வேண்டுமாம். சிவப்புப் பெட்டி லைட் வெளிச்சத்தில் பளபளவென்று விரிவதைப் பார்க்கத்தான் ஜனம் முண்டியடித்துக்கொண்டு வருகிறதாம். உட்கார்ந்தால் முன்வரிசைத் தலைகள் மறைத்துவிடுமாம். என் விரல் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்போ நான் யார்? பெட்டிக்கு ஸ்டாண்டா? கடைசியில் ஒன்று சொன்னார் பாருங்கள்: "வாணியம்பாடில ரவின்னு ஒருத்தன் அக்கார்டியன் வாசிக்கிறான் மாஸ்டர். இருபத்திரண்டு வயசு. இடுப்புன்னா இன்னான்னே தெரியாது அவனுக்கு."

காலால் பிறந்தவர்

ரவி பெயரைக் கேட்ட நாளிலிருந்து வலியை வெளியே காட்டக்கூடாது என்று ஆகிவிட்டது. போனால் போகட்டும் என்று விட்டுவிட வேண்டியதுதானே என்பீர்கள். பகலெல்லாம் 'ஏ எஸ் டி எஃப்' என்று முப்பது மிஷின் தட்டுகிற சத்தத்தைக் கேட்டுவிட்டு வருகிறவனுக்கு, அந்தப் பெட்டி இழுத்து மூச்சு விடுகிற சத்தம்தான் உயிர். அதை எப்படி விடுவது?

அதனால் ரகசியமாக வைத்தியம் பார்க்க ஆரம்பித்தேன். ஆளாளுக்கு வைத்தியர்கள். நொச்சி இலையை வதக்கிக் கட்டு என்றார் ஒருவர், தவிட்டை வறுத்து ஒத்தடம் கொடு என்றார் இன்னொருவர். தலைக்குப் பதில் கால் முன்னால் வந்து பிறந்தவர்கள் மிதித்தால் இடுப்புப் பிடிப்பு விட்டுப்போகும் என்று எங்கள் பக்கம் ஒரு நம்பிக்கை உண்டு. ராணிப்பேட்டைக் கச்சேரியில் மைக்செட் மாணிக்கம் அப்படிப் பிறந்தவர் என்று யாரோ சொல்ல, மேடைக்குப் பின்னால் தார்ப்பாயை விரித்துக் குப்புறப் படுத்தேன். மனுஷன் எழுபது கிலோ. ஏறி நின்று மூன்று மிதி மிதித்தார். நான் போட்ட சத்தம் ஆன் பண்ணி வைத்திருந்த மைக்கில் மைதானம் முழுக்கக் கேட்டது. ஒரு வாரம் படுக்கையில் கிடந்தேன். அடுத்த கச்சேரியில் மாணிக்கத்தைப் பிடித்து, ஏன்யா, கால்ல பொறந்தவன் மிதிச்சா சரியாகும்னாங்க, எனக்கு ஜாஸ்தி ஆயிடுச்சே என்று கேட்டேன். ஒயரைச் சுற்றிக்கொண்டே சொன்னார்: "கால்ல பொறந்தது எங்கண்ணன் சார். அன்னிக்கு அவுருக்கு நைட் ஷிப்டு, நீங்க வேற அவசரப்பட்டீங்களேன்னு நான் வந்தேன்."

ஒன்ஸ் மோர்

கணியம்பாடி பக்கம் ஒரு கிராமம். அறுவடை முடிந்த வயலில் மேடை. ஒரு டூயட்டின் நடுவே பெட்டியை முழுக்க விரித்தேன், இடுப்பு பட்டென்று பிடித்துக்கொண்டது. அப்படியே குனிந்துவிட்டேன். நிமிர முடியவில்லை. மூக்கு முழங்காலைத் தொடுகிறது, கண்ணில் தண்ணீர், விரல் மட்டும் நிற்கவில்லை. விரல் நின்றால் ரவி வந்துவிடுவானே! அப்படியே பாதிப் பாட்டை முடித்தேன். ஜனங்களுக்கு ஒரே குஷி. விசில் பறக்கிறது, துண்டு பறக்கிறது. வரப்பு மேல் நின்ற ஒரு பெரியவர் கையைத் தூக்கி, "ஒன்ஸ் மோர்! அந்தக் குனியறதையும் சேத்து ஒன்ஸ் மோர்!" என்று கத்தினார்.

அவர் பாவம், அறியாதவர். எனக்கு என்ன ஆயிற்று என்று நன்றாகத் தெரிந்த மனுஷர் தனபால். என்னைத் தூக்கி வேனில் படுக்க வைத்தார்கள். தனபால் வந்து தலைமாட்டில் உட்கார்ந்தார், நெற்றியைக்கூடத் தடவினார். இப்போதாவது ஒரு நல்ல வார்த்தை வரும் என்று நினைத்தேன். வந்தது: "மாஸ்டர், அந்தக் குனியற ஸ்டெப்ப இனிமே எல்லா ஊர்லயும் வெச்சிக்குவோம்."

வயித்துத் தோல்

டாக்டர் இடுப்புக்கு பெல்ட் போடச் சொன்னார். எங்கள் இன்ஸ்டிடியூட் வாசலில் செருப்புத் தைக்கிறவர், கையிலிருந்த தோல் துண்டில் நாலு பக்கிள் வைத்து ஒரு சாண் அகலத்துக்குத் தைத்துக் கொடுத்தார். அதைச் சட்டைக்குள்ளே கட்டிக்கொண்டு ஆம்பூர் கச்சேரிக்குப் போனேன். மைதானத்தில் முன்வரிசை முழுக்கத் தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடுகிற ஆலையில், வேலை செய்கிறவர்கள். மூன்றாவது பாட்டில் பெட்டியைத் தூக்கும்போது சட்டை மேலே ஏறி பெல்ட் வெளியே தெரிந்துவிட்டது. அவ்வளவுதான். ஒருத்தர்கூட என் விரலைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்க்கவில்லை. எல்லார் கண்ணும் இடுப்பில். ஒருத்தரை ஒருத்தர் இடித்துக் காட்டிக் கிசுகிசு வேறு.

இடைவேளையில் ஒருவர் நேராக மேடை ஏறி வந்தார். மஸ்தான் பாய் என்று பெயர். மரக்கட்டை மேல் தோலைப் போட்டு, நாளெல்லாம் குனிந்து நின்று, கத்தியால் சதை வழித்தெடுக்கிற வேலை. என்னிடம் ஒரு வணக்கம்கூட இல்லை. பெல்ட்டைக் கிள்ளினார், மடக்கினார், குனிந்து முகர்ந்தும் பார்த்தார். ஏன் பாய், நான் இன்னா சந்தைக்கு வந்த மாடா என்று எரிந்து விழுந்தேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. தன் சட்டையைத் தூக்கி, லுங்கிக்கு மேலே கட்டியிருந்த பெல்ட்டைக் காட்டினார். அப்புறம் ரொம்பத் துக்கமாகச் சொன்னார்: "உங்கள ஏமாத்திட்டாங்க மாஸ்டர். இது வயித்துப் பக்கத்துத் தோலு, ரெண்டு மாசத்துல நீண்டு தொங்கிடும். முதுகுக்கு முதுகுத் தோலுதான் போடணும்."

மூணு மாலை

அவர் சொன்னபடியே ரெண்டு மாதத்தில் அது பூணூல் மாதிரி தொங்கியது. மஸ்தான் பாயே தன் மேஸ்திரியைக் கேட்டு எருமை முதுகுத் தோல் வாங்கி, புதுசு ஒன்று தைத்துக் கொடுத்தார். அந்தத் தெம்பில் ஒரு வருஷம் ஓடியது. மறுபடி ஆம்பூர், அதே மைதானம். வேனில் ஏறினால் உள்ளே ஒரு புது ஆள், மடியில் கறுப்பு அக்கார்டியன் பெட்டி. வாணியம்பாடி ரவி. சும்மா பார்க்க வந்திருக்கிறான் என்றார் தனபால். பெட்டியோடு எவன் சும்மா வருவான்?

நாலாவது பாட்டில் வலி கால் வரைக்கும் இறங்கியது. தனபால் கண்ணாலேயே ஜாடை காட்டினார்: முடியலன்னா இறங்கு. ரவி படிக்கட்டில் பெட்டியோடு நிற்கிறான். விழாக் கமிட்டி பக்கம் திரும்பினேன். எட்டு நாற்காலி. எட்டாவதில் தாம்பாளம், மூன்று மாலை! எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ, நேராக மைக்குக்குப் போனேன். "ஐயா, மூணு வருஷமா ஒரு நாற்காலி கேட்டுக்கினு இருக்கேன். மச்சானுக்குக் குடுக்கிறீங்க, மாலைக்குக் குடுக்கிறீங்க. வாசிக்கிறவன் முதுகு மட்டும் இன்னா, மரமா?" என்று கத்திவிட்டேன்.

முன்வரிசையிலிருந்து மஸ்தான் பாய் எழுந்தார். மேடை ஏறி, தாம்பாளத்திலிருந்த மூன்று மாலையையும் எடுத்துத் தன் கழுத்திலேயே போட்டுக்கொண்டார். கமிட்டிக்காரர்கள் வாயைத் திறப்பதற்குள் நாற்காலியைத் தூக்கி வந்து என் பின்னால் வைத்தார். தனபால் ஓடி வந்து, ஜனங்களுக்குப் பெட்டி தெரியணும் பாய் என்றார். அதற்கு பாய், மாலையும் கழுத்துமாக நின்று, மைக்கிலேயே சொன்னார்: "பெட்டிய மூணு வருசமா பாத்துட்டோம் சார். இன்னிக்கிப் பாட்டக் கேக்கலாம்னு வந்தோம்."

உட்கார்ந்தேன். அப்பாடா! அன்றைக்கு வாசித்த மாதிரி நான் என்றைக்கும் வாசித்ததில்லை. மூணு வருஷத்தில் முதல் தடவையாக வலியை எண்ணாமல் பாட்டை மட்டும் நினைத்து வாசித்தேன். கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது. அதற்கப்புறம் நாற்காலியைப் பற்றித் தனபால் பேசவே இல்லை. கச்சேரி முடிந்து பெட்டியைக் கழற்றிக்கொண்டிருந்தபோது ரவி பக்கத்தில் வந்து நின்றான். என் இடத்தைப் பிடிக்க வந்தவனாயிற்றே, வரட்டும், நாலு கேட்டுவிடலாம் என்று திரும்பினேன். அவன் தனபால் இருக்கிற பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டான். ஒரு கையால் இடுப்பை அழுத்திப் பிடித்திருந்தான். என் காதருகே குனிய முயன்று, பாதியில் முகத்தைச் சுளித்து, நின்ற வாக்கிலேயே கேட்டான்: "அண்ணே, தலைவர்கிட்ட சொல்லிடாதீங்க... அந்த பெல்ட்டு எங்க தச்சீங்க?"

பதினாலு வருஷம் மேடையில் நின்று நான் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று: இந்த ஊரில் நாற்காலி வேண்டுமென்றால் பொருளாளருக்கு மச்சானாகப் பிறக்க வேண்டும், இல்லாவிட்டால் ரோஜாவாகப் பூத்து மாலையாக வேண்டும், முதுகோடு பிறந்துவிட்டால் எருமை முதுகுதான் துணை.